தீபம் லீவு

அடி அண்ணாமலை
18-8-1976

அன்புள்ள மாமாவுக்கு சந்திரகலா எழுதுவது. இங்கே நான், அத்தை, செவலைப் பசு மூவரும் சுகம். உங்கள் இருமல் நின்றதா, பட்டாளத்தில் அந்தப் பனிக்குக் கம்பளி போதுகிறதா என்று தவறாமல் எழுதவும்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் அப்பா சுவரிலிருந்து விழுந்துவிட்டார். பதறாதீர்கள், படம்தான். சட்டத்துக்குப் பின்னால் கரையான் புகுந்து அட்டையைத் தின்று மாமனாரின் தோள்துண்டு வரைக்கும் வந்துவிட்டது. முகத்துக்கு இன்னும் இரண்டு விரற்கடைதான் பாக்கி. உடனே நடுவீட்டில் இருந்த எல்லாப் படங்களையும் இறக்கினேன். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியையும் இறக்கிவிட்டேன். இனிமேல் இந்த வீட்டுப் போட்டோக்களைக் கரையானுக்கு விடுவதில்லை என்று முடிவு கட்டியாகிவிட்டது. டவுனில் கறுப்புத் தாள் ஆல்பம் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன்.

மொத்தம் முப்பத்தேழு படங்கள். ஒன்றின் முதுகிலும் பெயர் இல்லை. பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் வந்துவிடும் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். அதனால் பென்சிலால் எழுதுகிறேன். திரைச்சீலையில் வரைந்த காரின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கார் ஓட்டுகிற மாதிரி கையை வைத்திருக்கிற மீசைக்காரர் யார்? அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு அழுகிற குழந்தை நீங்கள்தான் என்று அத்தை சத்தியம் செய்கிறார். அதை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து சொல்லவும்.

ஒரு குறை. உங்கள் தங்கச்சி பொன்னியின் படம் ஒன்றுகூட இல்லை. நான் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்க, அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "எல்லாரும் ஆல்பத்துல ஏறிட்டாங்க. எம்பொண்ணு எங்க?" என்றார். காமாலையில் அவள் போய் ஒன்பது வருஷம் ஆகியும் அப்படித்தான் கேட்கிறார். பிறகு அவரே சொன்னார்: "எட்டாவது படிக்கசொல்ல பள்ளிக்கூடத்துல எல்லாரையும் நிக்க வெச்சுப் புடிச்சாங்க. அதுல நானும் நிக்கிறேம்மான்னு அவளே சொன்னா. நாமதான் காப்பி வாங்கல." அதைத் தேடிப் பிடித்து, பொன்னியை மட்டும் பெரிதாக்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பெட்டியின் அடியில் அவள் வரைந்த படங்கள் கிடைத்தன. மாதக் காலண்டர் தாள்களின் முதுகில் பென்சில், அடுப்புக்கரி, சலவை நீலம் எல்லாம் வைத்து வரைந்திருக்கிறாள். மலை, மாடு, வாயைத் திறந்து தூங்கும் அப்பா. நன்றாகவே சிரிக்க வைக்கிறாள். இரண்டு தாள்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கின்றன.

அத்தையின் கண் முன்னைவிட மோசம். வலது கண்ணில் புரை வெள்ளையாகவே தெரிகிறது, இடது கண்ணில் நிழல்தான். ஐப்பசி கடைசியில் டவுனில் கண் ஆபரேஷன் முகாம் போடுகிறார்கள். பெயர் கொடுக்கட்டுமா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்
சந்திரகலா


56 ஏ.பி.ஓ.
9-9-1976

அன்புள்ள கலாவுக்கு பலராமன் எழுதுவது. நான் நலம். இருமல் கம்மியாகிவிட்டது. அம்மாவை நேரத்துக்குச் சாப்பிட வை, நீயும் சாப்பிடு.

கார் ஓட்டுகிறவர் அப்பாவின் அண்ணன் சின்னசாமி. சாகும்வரை பஸ்ஸைத் தவிர வேறு வண்டி ஏறியதில்லை. அழுகிற குழந்தை நான் இல்லை. அம்மாவுக்குத்தான் கண் சரியில்லையே.

கண் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிடு. தள்ளிப்போட வேண்டாம். அம்மா பயப்படுவார்கள், தைரியம் சொல்லிக் கூட்டிப் போ.

பள்ளிக்கூடத்து போட்டோவைத் தேடி அலைய வேண்டாம். பதினோரு வருஷத்துக்கு முந்தினது. யார் வீட்டில் இருக்கப்போகிறது? அப்படியே இருந்தாலும் முகம் தெரியாது. பொன்னி வரைந்ததையெல்லாம் பத்திரமாக வை, அது போதும்.

பலராமன்


அடி அண்ணாமலை
4-10-1976

அன்புள்ள மாமாவுக்கு சந்திரகலாவின் வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். செவலை சினையாகியிருக்கிறது. உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டாலும் சரி. பொன்னிக்குப் பாடம் எடுத்த தனம் டீச்சர் ரிட்டயர் ஆகி ரமணாசிரமத்துப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நடந்தே போனேன். அவர் இருபத்திரண்டு வருஷத்து குரூப் போட்டோக்களையும் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறார். அறுபத்தைந்தாம் வருஷம் எட்டாம் வகுப்பு என்றதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அட்டையின் கீழே பெயர்கள் அச்சடித்திருக்கிறது. இரண்டாம் வரிசை, நிற்பவர்கள், இடமிருந்து வலம். ஐந்தாவது பெயர் ச. பொன்னி. விரல் வைத்து எண்ணினேன். ஐந்தாவதாக இரட்டைச் சடை, லேசாகச் சாய்ந்த தலை. ஒரு நாளும் பார்க்காத நாத்தனாரைப் பார்த்துவிட்டேன் என்று அங்கேயே கண் கலங்கிவிட்டேன். டீச்சர் மோர் கொடுத்து அனுப்பினார்.

தேரடி வீதி ஸ்டுடியோவில் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கினோம். கொஞ்சம் மங்கல்தான். ஸ்டுடியோக்காரர் தூரிகையால் கண்ணையும் புருவத்தையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சட்டம் போட்டு மாமனார் பக்கத்தில் மாட்டிவிட்டோம். பின்னால் வேப்பெண்ணெய் தடவியிருக்கிறேன், கரையான் வராது.

அத்தையைப் பார்க்க வேண்டுமே மாமா. படத்தை மாட்டவே விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, இடது கண்ணுக்கு அரை சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "மூக்கு தெரியுது, சடை தெரியுது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இப்போது தினமும் சாயங்காலம் கையால் தடவியே கனகாம்பரம் கட்டி மாலை போடுகிறார். பொட்டும் அவரே வைக்கிறார். குறி தவறாமல் நெற்றியில்தான் விழுகிறது. "ஆபரேஷன் முடிஞ்சு கட்டு அவுத்தா மொதல்ல எம்பொண்ணு மூஞ்சியத்தான் பாப்பேன். என்னைக் கண்ண மூடியே வூட்டுக்குக் கூட்டிகினு வரணும்" என்று இப்போதே கண்டிஷன்.

சின்னக் காப்பி ஒன்று இதில் வைத்திருக்கிறேன். உங்கள் தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள்.

சந்திரகலா


56 ஏ.பி.ஓ.
29-10-1976

அன்புள்ள கலாவுக்கு, நலம்.

படம் வந்தது. நன்றாக இருக்கிறது.

அம்மாவின் ஆபரேஷனை இப்போது செய்ய வேண்டாம். முகாமில் கூட்டம் ஜாஸ்தி, கவனிப்பு இருக்காது என்று இங்கே ஒருவர் சொன்னார். தையில் எனக்கு லீவு வரும். நான் வந்து பக்கத்தில் இருந்து செய்கிறேன். பெயர் கொடுத்திருந்தால் எடுத்துவிடு.

பலராமன்


அடி அண்ணாமலை
12-11-1976

அன்புள்ள மாமாவுக்கு சந்திரகலா. நலம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தள்ளிப்போட வேண்டாம் என்று எழுதினதும் இதே கைதானே? முகாம் டாக்டர் அத்தையைப் பார்த்துவிட்டு, வலது கண் பழுத்துவிட்டது, இனிமேல் காக்க வைத்தால் கெடுதல் என்றார். நான் வாதாடினேன். அத்தைதான் கேட்கவில்லை. "புள்ள வேணாம்னு எழுதிட்டான் இல்ல. அவன் வந்து கைய புடிச்சிக்கட்டும். தை என்ன தூரமா?" என்று பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார்.

தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதுவீர்கள் என நினைத்தேன். இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். துக்கம் என்றால் அதையாவது எழுதக்கூடாதா? நான் யாரோவா?

ஒட்டிய காலண்டர் தாள்களை இட்லிப்பானை ஆவியில் காட்டிப் பார்த்தேன். ஒரு மூலை மட்டும் விட்டது. ஈரத்தில் ஒட்டினதில்லை அது, யாரோ கஞ்சிப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். கிழியாமல் எடுக்க வேண்டும், அவசரப்படவில்லை.

சந்திரகலா


அடி அண்ணாமலை
9-12-1976

மாமாவுக்கு, சந்திரகலா எழுதுவது. அத்தை சுகம். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள்.

தீபத்துக்கு எல்லம்மாள் வந்திருந்தாள். மேலத்தெரு எல்லம்மாள், செங்கத்தில் கட்டிக் கொடுத்தவள், பொன்னியோடு படித்தவள். கைக்குழந்தையோடு அத்தையைப் பார்க்க உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அத்தை அவள் கையைப் பிடித்து, "பாத்தியா, உன் கூட்டாளிய மாட்டிட்டோம்" என்கிறார். அவள் "ம்" என்றாள். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. கிணற்றடிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அது பொன்னி இல்ல. நானு."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள்: "அன்னிக்குப் பொன்னி பள்ளிக்கூடமே வரலக்கா. என் பக்கத்துல நிக்க வேண்டியவ. அட்டைக்குப் பேரு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்க." குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "மாலை போட்டு, பொட்டு வெச்சி... எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?"

ஓடிப்போய் அட்டையை எடுத்து எண்ணினேன். இரண்டாம் வரிசையில் பெயர்கள் பதினொன்று. தலைகள் பத்து. நான் ஐந்து வரைக்கும்தான் எண்ணினேன் மாமா. ஐந்தோடு நிறுத்திவிட்டேன். உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு இரண்டு மாதமாக இந்த வீட்டில் மாலை போட்டிருக்கிறோம்.

கழற்றிவிடவா என்று கேட்டேன். எல்லம்மாள், "அம்மா கும்புடுறாங்க. தீபமும் அதுவுமா எப்பிடிக் கழட்டுவ" என்று சொல்லிவிட்டுத் தலைவாசலில் நிற்காமல் போய்விட்டாள். மறுநாள் நான் மாலையை மட்டும் எடுத்து ஒளித்தேன். சாயங்காலம் அத்தை கை வைத்துப் பார்த்து, "பூ எங்க கலா?" என்றார். மறுபடியும் போட்டுவிட்டேன்.

என் தப்பு எனக்குத் தெரிகிறது. உங்கள் தப்பு எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவள் முகமா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாதா? காப்பி அனுப்பினேனே. "நன்றாக இருக்கிறது" என்று எழுதினீர்களே. அன்றைக்கே இது பொன்னி இல்லை என்று ஒரு கார்டு போட்டிருந்தால் சட்டத்தோடு திருப்பிக் கொடுத்திருப்பேன். ஏன் எழுதவில்லை?

சந்திரகலா


56 ஏ.பி.ஓ.
30-12-1976

அன்புள்ள கலாவுக்கு பலராமன் எழுதுவது.

படத்தைக் கழற்றாதே. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. எல்லம்மாளிடமும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். தையில் லீவு கிடைக்கவில்லை, மாசிக்குத் தள்ளிவிட்டார்கள். வந்து நானே எல்லாவற்றையும் சொல்கிறேன். அதுவரை ஆபரேஷன் வேண்டாம். கண் திறந்தால் அம்மா முதலில் அதைத்தானே பார்ப்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். என் மேல் கோபம் இருந்தாலும் கடிதத்தை நிறுத்தாதே.

பலராமன்


அடி அண்ணாமலை
25-1-1977

மாமாவுக்கு சந்திரகலா.

சுகம் என்று எழுத முடியவில்லை. காணும் பொங்கலன்று காலையில் அத்தை வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டிக்கொண்டார். வாந்தி வேறு. உங்களைக் கேட்கவில்லை, எங்கள் அண்ணன் அர்ஜுனனைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரவழைத்து, வேன் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புரை முற்றி உள்ளேயே உடைந்து கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டதாம். வலது கண் போய்விட்டது மாமா. இனி வராது. ஐப்பசியில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அத்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். "எம்புள்ள லீவு கெடைக்காம தவிக்கிறான் சாமி, அவன ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

இடது கண்ணுக்கு 31-ம் தேதி ஆபரேஷன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்று தந்தி அடித்தாலும் நிற்காது.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்தபிறகுதான் எனக்கு விளங்கியது. அத்தை பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அத்தையைக் குருடாக வைத்திருந்தீர்கள். ஒரு படத்துக்காக. எனக்கு எழுதவே கை கூசுகிறது. அது பொன்னி இல்லை என்றால் அத்தை அழுவார், பிறகு தேறுவார். அதற்குமேல் என்ன இருக்கிறது? என்னத்தை மறைக்கிறீர்கள்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தூக்கம் வராமல் ஒட்டிய தாள்களை எடுத்து உட்கார்ந்தேன். ஆவி காட்டி, ஈர்க்குச்சியை விட்டு விட்டு, விடியும்போது பிரிந்தது. உள்ளே ஒரு படம். மூன்று வரிசையாகப் பிள்ளைகள். முன்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி போட்டோக்காரர். இரண்டாம் வரிசையை எண்ணினேன், இந்தத் தடவை கடைசி வரைக்கும். பதினொன்று. ஐந்தாவதாக நிற்பவளுக்கு மட்டும் பாவாடைக்குச் சலவை நீலம் தீட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சைக்கிளோடு ஒரு பையன் நாக்கைத் துருத்திச் சிரிக்கிறான். மூக்கு உங்கள் மூக்கு. படத்துக்குக் கீழே பென்சிலில் இரண்டு வார்த்தை: "தீபம் லீவு".

இது என்ன மாமா?

சந்திரகலா


56 ஏ.பி.ஓ.
11-2-1977

அன்புள்ள கலாவுக்கு,

சுகம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அம்மாவின் இடது கண் பிழைத்ததா என்று மட்டும் ஒரு கார்டு எழுது.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பதினோரு வருஷமாக எவரிடமும் சொன்னதில்லை.

நான் டெண்ட் கொட்டகையில் சினிமா பார்க்கப் போனதைப் பொன்னி அப்பாவிடம் சொல்லிக் கொடுத்துவிட்டாள். வேண்டுமென்று சொல்லவில்லை, பேச்சுவாக்கில் உளறிவிட்டாள். அப்பாவின் கை உனக்குத் தெரியாது. மாட்டுக் கயிற்றால் அடித்தார். ஒரு வாரம் மல்லாந்து படுக்கவில்லை. அந்த வாரத்தில்தான் வழியில் தனம் டீச்சரைப் பார்த்தேன். பொன்னி அன்றைக்கு வேர்க்கடலை பிடுங்கப் போயிருந்தாள். "நாளைக்கு குரூப் போட்டோ. நல்ல பாவாடை கட்டிகினு வரச் சொல்லுடா" என்றார் டீச்சர். வீட்டுக்கு வந்து பொன்னியிடம், "நாளைக்கு உனக்குத் தீபம் லீவு, டீச்சர் சொல்லச் சொன்னாங்க" என்றேன். தீபத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அவள் நம்பிவிட்டாள். துள்ளிக் குதித்தாள். கொடியேறின நாளிலிருந்து ஊரெல்லாம் ஜனம், லீவு விட்டாலும் விடுவார்கள் என்று அம்மாவும் நம்பினார்கள்.

மறுநாளுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் என்னைப் பார்த்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார். "போட்டோ புடிச்சாங்களாமே, நீ நின்னியா?" என்று அவர் கேட்டார். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவள், "நின்னேம்பா, ரெண்டாவது வரிசை" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் என்னிடம் எடுத்ததே இல்லை. ஒன்றரை வருஷத்தில் போய்விட்டாள்.

அவள் சாகும்போது அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னது என்ன தெரியுமா? "பள்ளிக்கூடத்து போட்டோவுலயாவது கீறா." அப்போது சொல்லியிருக்க வேண்டும். நீ படத்தைத் தேடுகிறேன் என்று எழுதினபோது சொல்லியிருக்க வேண்டும். எல்லம்மாள் முகத்தைப் பார்த்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். அம்மா மடியில் வைத்துக்கொண்டு மூக்கு தெரிகிறது, சடை தெரிகிறது என்று சொன்னதாக எழுதியிருந்தாயே. அதைப் படித்துவிட்டு, இதுவே பொன்னியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துவிட்டேன். கண் திறந்தால் படம் ஏது, ஏன் இல்லை, அன்றைக்கு ஏன் போகவில்லை என்று ஒவ்வொன்றாக என்னிடம் வந்து நிற்கும். அம்மாவின் கண் போனாலும் போகட்டும் என்று நான் நினைக்கவில்லை கலா. நாலு மாதம் தள்ளிப்போட்டால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தையில் லீவு கிடைக்கவில்லை என்று எழுதினது பொய். நான் லீவே கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதோ அடுப்பில் போடுவதோ உன் இஷ்டம். பொன்னி வரைந்த அந்தப் படத்தை மட்டும் கரையானுக்கு விட்டுவிடாதே.

பலராமன்


அடி அண்ணாமலை
7-3-1977

மாமாவுக்கு சந்திரகலா. உங்கள் கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. கீழே இருப்பது அத்தை சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பலராமனுக்கு உங்கம்மா ஜோதியம்மா சொல்றது. நான் நல்லா கீறேன். வேளைக்கு ரெண்டு இட்லி உள்ள போவுது. நீ குளுருல நிக்காத.

கண்ணு கட்டு அவுத்துட்டாங்க. சோடாப்புட்டிக் கண்ணாடி ஒண்ணு குடுத்திருக்காங்க, தலைய ஆட்டினா வூடே ஆடுது. உம்பொண்டாட்டி மூஞ்சிய இப்பதான் சரியாப் பாத்தேன். வாய் ஜாஸ்தி, ஆனா மூஞ்சி நல்லா கீது.

என்னைக் கண்ண மூடியே கூட்டிகினு வான்னு சொல்லியிருந்தேன் இல்ல, அப்பிடியே கூட்டிகினு வந்தா. சுவர்கிட்ட நிக்க வெச்சி, "அத்தை, தொறக்கறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும்"னு அழுதா. நான் கேக்கல, தொறந்துட்டேன். மேலத்தெரு எல்லம்மா நிக்கிறா மாலை போட்டுகினு. எனக்கு உயிரே போயிடுச்சுடா. மொதல்ல அவ மாலைய எடுத்தேன். பொட்ட முந்தானையால தொடச்சேன். புள்ளகுட்டிக்காரி, நல்லா இருக்கணும். மறுநாளே கலாவ அனுப்பி அவள வரவழைச்சி, வெத்தல பாக்கு வெச்சி, அந்தப் படத்த அவ கையில குடுத்துட்டேன். "எங்கூட்ல மாட்டிக்கிறேம்மா, நல்லாதான் புடிச்சிருக்காங்க"ன்னு சிரிச்சிகினு வாங்கிட்டுப் போனா. நல்ல பொண்ணு.

உன் காயிதத்த கலா ரெண்டு தபா படிச்சா. வயித்தெரிச்சல் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒரு கண்ணு போச்சேன்னு இல்லடா. எனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டேன்னு நெனச்சியே, அதான்.

அந்த லீவு நாளு எனக்கு நெனப்பு கீது. உங்கப்பா டவுனுக்குப் போயிருந்தாரு. தீபத்துக்கு வூட்டுக்கு நானும் அவளும் சுண்ணாம்பு அடிச்சோம். அவ மேல ஏறிகினு அடிக்க, நான் கீழ நின்னேன். மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு, என்னையும் பூசி உட்டுட்டா. சாயந்திரம் எனக்குத் தலைக்கு ஊத்தி சிக்கெடுத்து உட்டா. பகலெல்லாம் எங்கூடவே இருந்தா. வேற நாளுல அவளுக்குப் பள்ளிக்கூடம், எனக்குக் கழனி. அப்பிடி ஒரு நாளு எனக்கு அப்புறம் வாய்க்கல. அதுக்கு உன்ன அடிக்கறதா, கும்புடறதா?

அவ வரைஞ்ச படத்தப் பாத்தேன். அவ நிக்கிறா, நீல பாவாடை கட்டிகினு. நீ நாக்க நீட்டிகினு நிக்கிற. அப்பா கண்ணுல பட்டுடும்னு கஞ்சி தடவி ஒட்டி வெச்சிருக்கா பாரு. கலா அதுக்குக் கண்ணாடி போட்டு, பெரிய படம் இருந்த எடத்துலயே மாட்டிட்டா.

ஆனா பலராமா, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் படத்துல அவ மூஞ்சி நாலணாக் காசு அளவு. ரெண்டு புள்ளி, ஒரு கோடு, அவ்ளோதான். கண்ணு மங்கலா இருந்தப்போ பொன்னி மூஞ்சி என் நெஞ்சுல அப்பிடியே இருந்துச்சு. அஞ்சு மாசமா தெனம் சாயந்திரம் இன்னொருத்தி மூஞ்சியத் தடவித் தடவி பொன்னி பொன்னின்னு கூப்புட்டேன் இல்ல. இப்ப கண்ண மூடி எம்பொண்ண நெனச்சா எல்லம்மா வந்து நிக்கிறா. இது இல்ல, இது இல்லன்னு தள்ளிப் பாக்கறேன். பொன்னி வர மாட்டேங்கறா. அவ மூஞ்சி எனக்கு மறந்து போச்சுடா.

உங்கப்பா இல்ல. கலா அவளப் பாத்ததே இல்ல. அவ மூஞ்சிய உள்ள வெச்சிகினு கீறவன் இந்த வூட்ல நீ ஒருத்தன்தான். அது எல்லம்மா மூஞ்சின்னு பாத்த ஒடனே தெரிஞ்சிது இல்ல உனக்கு? அப்ப பொன்னி மூஞ்சியும் உனக்குத் தெரியும். நீ வந்து எங்கிட்ட உக்காந்து சொல்லு. நெத்தி எப்பிடி, புருவம் எப்பிடி, சிரிச்சா எந்தப் பக்கம் குழி வுழும், எல்லாம் சொல்லு. கலா பென்சில் எடுத்து எழுதிப்பா. நான் கண்ண மூடிகினு கேக்கறேன்.

லீவு கேட்டு எழுது. கெடச்சிதுன்னு எனக்கு நீ சொல்லி அனுப்பினா, இந்தத் தபா அது நெஜமான லீவா இருக்கணும்.

உங்கம்மா
ஜோதியம்மாள்